ஐந்து நொடி நின்றால் அழித்துவிடும் செயலி: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் ரைட்டிங் ஆப்’ என்ற பெயரில் கொஞ்சம் அலட்டல் இருக்கிறது. வேலை எளிமையானதுதான். உலாவியில் திறந்து, எத்தனை நிமிடம் என்று தேர்ந்தெடுத்துத் தட்டச்சைத் தொடங்க வேண்டும். கை நின்றால் எழுத்து மங்கும், திரையின் ஓரம் சிவக்கும். ஐந்து நொடி நின்றால் அதுவரை எழுதியது முழுவதும் போய்விடும். மீட்க வழி கிடையாது. குறித்த நேரம் முடிந்த பிறகுதான் எழுதியதை எடுத்துக்கொள்ளலாம். மானுவல் ஈபர்ட் 2016-இல் வெளியிட்ட செயலி இது. பிறகு ஸ்குவிப்ளர் என்ற எழுத்துக் கருவித் தளத்துக்குப் போனது.

இதைப் பயன்படுத்தும் முன் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எழுத வேண்டியதை ஒரு நண்பரிடம் ஐந்து நிமிடம் வாயால் சொல்ல முடிகிறதா? பேச வருகிறது, ஆனால் திரைமுன் உட்கார்ந்தால் முதல் வரியையே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றால், அது உள்ளே இருக்கும் விமர்சகரின் வேலை. அதற்கு இந்தச் செயலி நன்றாகவே உதவும். வாயாலும் சொல்ல வரவில்லை என்றால் சரக்கு போதவில்லை. இன்னும் படிக்க வேண்டும், யாரிடமாவது கேட்க வேண்டும். அந்த நிலையில் இதைத் திறந்தால் பத்து நிமிட உளறல்தான் மிஞ்சும். ‘எனக்கு எழுத வராது’ என்ற எண்ணம் இன்னும் கெட்டிப்படும்.

விமர்சகரை இது எப்படி அடக்குகிறது? அவருக்கு இடைவெளி வேண்டும். எழுதிய வாக்கியத்தைத் திரும்பிப் படிக்க, வேறு சொல் தேட, பின்னழிப்பு விசையை அழுத்த. ஐந்து நொடிக்குள் அடுத்த சொல்லைப் போட்டாக வேண்டும் என்றால் தீர்ப்புச் சொல்ல அவகாசமே இல்லை. மோசமாக எழுதிவிடுவோமோ என்ற பயம் போய், எழுதியது தொலைந்துவிடுமோ என்ற பயம் வருகிறது. இரண்டாவது பயத்தில் கை நிற்காது என்பதுதான் இதன் சூட்சுமம்.

தமிழில் எழுதுபவர்களை இந்த விமர்சகர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பிடிப்பார்: சந்தி. க், ச், த், ப் மிகுமா மிகாதா என்று யோசித்தே ஒரு பத்தி நின்றுபோகும். அடுத்தது ர, ற குழப்பம். ந, ண, ன குழப்பம். முதல் வரைவில் இவை எதுவும் முக்கியமில்லை. ஒற்றுப் பிழையைப் பிற்பாடு ஒரே உட்காரலில் திருத்திவிடலாம். எழுதாத பத்தியை யாராலும் திருத்த முடியாது. ஆகவே அமர்வு முடியும்வரை தோன்றியபடி ஒற்றைப் போட்டுக்கொண்டே போகலாம்.

விசைப்பலகையும் கணக்கில் வரும். தமிழ்99 பழகியவர்களுக்கு ஐந்து நொடி தாராளம். உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் இருப்பதால் வேகம் தடைபடாது. ‘க்க’, ‘ந்த’, ‘ம்ப’ போன்ற இடங்களில் புள்ளி தானே விழும். ஆங்கில எழுத்தில் அடித்துப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் சிக்கல். பட்டியலைப் பார்ப்பதும் ஒரு நிறுத்தம்தான். தேர்வு செய்கிற பழக்கம் விமர்சகரைத் தட்டி எழுப்பவும் செய்யும். எந்த முறையானாலும், இழந்தால் வருத்தமில்லாத எதையாவது அடித்து, செயலி நம் விசைகளை ஒழுங்காக ஏற்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

சொல் எண்ணிக்கையை இலக்காக வைக்கவும் முடியும். தமிழுக்கு நேரக் கணக்கே பொருத்தம். ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது செயலிக்கு ஒரே சொல். 500 என்று குறித்துவிட்டு உட்கார்ந்தால் எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் மாட்டிக்கொள்வோம்.

முதல் சில முறை ஐந்து நிமிடம் போதும். பழகியபின் பத்து. இருபதைத் தாண்டினால் கை ஓடும், சிந்தனை ஓடாது. ஒரு மணி நேரத் தேர்வும் இருக்கிறது. வீம்புக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது: யாருக்காக எழுதுகிறோம், அவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி, கட்டாயம் சொல்லியாக வேண்டிய ஒரு செய்தி. கை தடுமாறும்போது கண் போக ஓர் இடம் இருக்கும். ஆண்டோ பெயரோ நினைவுக்கு வராத இடத்தில் ‘ஃஃ’ என்று அடித்துவிட்டு நகரலாம். இரண்டு ஆய்தம் அடுத்தடுத்து இன்றைய உரைநடையில் வராது என்பதால் பிறகு தேடி எடுப்பது சுலபம். சொல்லே வராமல் நின்றால் ‘அஅஅஅ’ என்று தட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. அதைவிட ‘இங்கே சொல்ல வருவது என்னவென்றால்’ என்று அடிப்பது மேல். பல சமயம் வாக்கியம் தானாக முடிந்துவிடும்.

விமர்சகர் அப்போதும் பேசினால், பேசுவதையே அடைப்புக்குறிக்குள் அடித்துவிட வேண்டும். ‘(இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே)’, ‘(ஆதாரம் எங்கே)’. கை நிற்காது, அவர் சொன்னதும் பதிவாகிவிடும். பிறகு படிக்கும்போது இவை இரண்டு வகையாகப் பிரியும். ‘ஆதாரம் எங்கே’ என்பது திருத்தக் குறிப்பு, வைத்துக்கொள்ளலாம். ‘உனக்கெல்லாம் எதற்கு எழுத்து’ என்பது வெறும் வசை. அதை வைத்து எந்த வரியையும் திருத்த முடியாது என்பதால் அழித்துவிடலாம்.

நேரம் முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எழுதியதை வேறு கோப்பில் ஒட்டிச் சேமிப்பது. அந்தச் சூட்டிலேயே படித்துத் திருத்த உட்கார்ந்தால், இவ்வளவு நேரம் வெளியே நிறுத்தியவருக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும். ஓர் இரவு கழியட்டும். மறுநாள் படிக்கும்போது குறைகளைத் தேடாமல் உயிருள்ள வரிகளை மட்டும் அடிக்கோடிட்டு, அவற்றைப் புதிய கோப்பில் வைத்து அங்கிருந்து எழுத வேண்டும். முழு வரைவையும் செப்பனிட முயன்றால் அலுத்துப்போகும்.

குறைகளும் உண்டு. ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு தும்மல், கதவு மணி: ஐந்து நொடி கழிய இவையே போதும். யார் காரணத்தாலும் நிற்கலாம், தண்டனை மட்டும் ஒன்றுதான். மெதுவாகத் தட்டச்சுபவர்களுக்கும் கைவலி உள்ளவர்களுக்கும் இது வதை. பதற்றம் இயல்பாகவே கூடுதலாக உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். புள்ளிவிவரமும் மேற்கோளும் நிறைந்த கட்டுரைக்கும் பயன் குறைவு; பாதிக்குமேல் ‘ஃஃ’ ஆகத்தான் இருக்கும்.

அழியும் மிரட்டல் வேண்டாம் என்பவர்களுக்கு 2008-இல் வந்த ‘ரைட் ஆர் டை’ இருக்கிறது. அதில் கடுமையைக் கூட்டிக் குறைக்கலாம்: மென்மையான நிலையில் ஒரு நினைவூட்டல், நடுநிலையில் எரிச்சலூட்டும் ஒலி, கடுமையான நிலையில்தான் எழுதியது அழியத் தொடங்கும்.

செயலியே இல்லாத வழியும் உண்டு. எழுத்துப் பயிற்சி ஆய்வாளர் ஷெரிடன் பிளா 1983-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், மை தீர்ந்த பேனாவால் கார்பன் தாள்மேல் எழுதவைக்கும் முறையை விவரித்தார். எழுதுபவருக்குத் தன் எழுத்து தெரியாது, அடித்தாளில் பதிவாகும். திரும்பிப் படிக்க முடியாததால் கவனம் சொல்ல வருவதில் நின்றது. நம் செயலியில் உள்ள ‘ஹார்ட்கோர்’ நிலையும் எழுதியதை மறைத்து இதையேதான் செய்கிறது. வேர்டு போன்ற செயலியில் எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கிக்கொண்டால் அதே பலன். நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்கிக்கொள்ளலாம். வெள்ளையாக்கும் முன் விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கிறதா என்று ஒரு வரி அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பத்து நிமிட உழைப்பு முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும்.