பேட்டரி செத்துவிட்டது என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று பார்த்தேன். அடங்குகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். ஒரு கார் பேட்டரியின் முழு விலை, காசு குறையாமல், கையை விட்டுப் போயிருக்கிறது. பெயர் போடவில்லை. ஆப்பில் கூப்பிட்டால் வாசலுக்கே வந்து பேட்டரி மாற்றித் தருவார்களே, அந்த மாதிரி சேவைகளில் ஒன்று.

காலையில் சாவியைத் திருப்பினால் டக்டக்டக் என்று சத்தம் மட்டும்தான், எஞ்சின் சுற்றவே இல்லை, டேஷ்போர்டு விளக்கும் மங்கல். புக் செய்தேன், சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். தன்மையான பேச்சு. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, அவர் வேலை செய்ததைப் பார்த்தாலே நம்பிக்கை வந்துவிடும். கையடக்க டெஸ்டரை மாட்டினார், ஒரு சின்னச் சீட்டு வந்தது. "பாருங்க சார், 11.8 வோல்ட். செல் போயிடுச்சு. நான் சொல்லல சார், மிஷின் சொல்லுது" என்று நீட்டினார். அந்த வார்த்தைக்குத்தான் பணம் கொடுத்தேன். புதுசை மாட்டினார், பழையதை எக்ஸ்சேஞ்ச் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே மறுபடியும் அதே டக்டக்டக்.

கஸ்டமர் கேரில் ஒருவர், ஹெட்லைட்டை அணைக்காமல் விட்டிருப்பீர்கள் என்றார். இன்னொருவர், வண்டியை நிறுத்தி வைத்தால் அப்படித்தான் என்றார். இரண்டு மூன்று நாள் நின்றதற்கே தீர்ந்துபோகிற புது பேட்டரி எங்கே இருக்கிறது? டெக்னிக்கல் டீம் கூப்பிடும் என்றார்கள், யாரும் கூப்பிடவில்லை. வாரண்டி கார்டில் சீரியல் நம்பரும் தேதியும் எழுதவில்லை, அதனால் கார்டு செல்லாதாம். எழுதாமல் கொடுத்ததே அவர்கள் ஆள்தானே!

கடைசியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் கண்டுபிடித்தார். எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட், ஆக ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டரில் குறை இல்லை. அப்புறம் காரைப் பூட்டி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி இடையில் மீட்டரை வைத்தார். காரின் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் தூங்கிய பிறகு பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது, 0.4 காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார், உள்விளக்கு ஃபியூஸில் சட்டென்று இறங்கியது. டிக்கியைத் திறந்து விளக்கின் மூடியில் கை வைத்தால் சுடுகிறது. சுவிட்ச் சிக்கிக்கொண்டு, மூடிய பிறகும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. வெறும் 5 வாட் பல்புதான், ஆனால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் மணி குடித்துவிடும். 45 ஆம்பியர் மணி பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

இதில் வயிறு எரிவது எதற்கென்றால், பில்லோடு மடித்துப் பின் அடித்திருந்த அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். கடைசி வரியில், சார்ஜ் செய்து மறுபடி சோதிக்கவும் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. மிஷின் சொன்னது அதைத்தான். சீட்டை நீட்டியபோது அவருடைய கட்டைவிரல் அந்த வரியின் மேல் இருந்தது. ஒரு பல்பு சுவிட்சுக்காக ஒரு பேட்டரியின் முழு விலையும் போச்சு, சார்ஜ் ஏற்றியிருந்தால் ஓடியிருக்கக்கூடிய என் பழைய பேட்டரியும் போச்சு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதற்கும் கீழே இருந்தால் முதலில் முழுசாக சார்ஜ், பிறகுதான் டெஸ்ட். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். சீட்டை உங்கள் கையில் வாங்கி முழுசாகப் படியுங்கள். கார்டில் நம்பரும் தேதியும் எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள், காரணம் தெரியாமல் பழைய பேட்டரியையும் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் இன்னும் திரும்பவில்லை. புகாரை எழுத்தில் அனுப்பியிருக்கிறேன், சீட்டின் போட்டோவோடு.