பேஸ்மென்றைச் சட்டப்படி வாடகை வீடாக்க பிளான் கீறித் தந்தவரைப் பற்றி

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் பேஸ்மென்றை, அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தை, இரண்டாவது வீடாக மாற்றுவதற்குப் பிளான் கீறி, ரொறன்ரோ நகரசபையில் பெர்மிற் எடுத்துத் தரும் சின்ன அலுவலகம் ஒன்றின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. நல்லதோடு குறையும் சொல்லப்போகிறேன், ஊருக்குள் வம்பு வேண்டாம். ஐந்து நட்சத்திரத்தில் நாலு கொடுப்பேன், அந்த ஒன்றை ஏன் பிடித்து வைத்திருக்கிறேன் என்பது பின்னால் வரும்.

எங்களுடையது இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு நிற்கிற 1950களின் பங்களோ, அதாவது மாடியில்லாத ஒற்றைத் தள வீடு. பக்கவாட்டில் ஒரு கதவு, திறந்தால் சின்னத் தளம், மேலே நாலு படி ஏறினால் குசினி, கீழே இறங்கினால் பேஸ்மென்ற். வேலைக்கு விலை கேட்டுக் கூப்பிட்ட கொன்ராக்ரர்மார் எல்லாரும் வந்து நின்ற நிற்பிலேயே "எல்லாத்தையும் உடைச்சுப் புதுசாப் போடுவம் அண்ணை" என்றார்கள். இந்தப் பிளான் கீறுகிறவர் மட்டும் லேசர் அளவியை எடுத்துக்கொண்டு நேரே பீமுக்குக் கீழே போய் நின்றார், அதன்பிறகுதான் பேச்சே தொடங்கியது.

ஏன் பீம் என்றால், பழைய வீட்டில் ஆளை விழுத்துவது உயரம்தான். ஏற்கெனவே இருக்கிற வீட்டின் பேஸ்மென்றில் இரண்டாவது குடியிருப்பு போடும்போது ஒன்ராறியோ கட்டடச் சட்டம் 1.95 மீற்றர் உயரம் கேட்கிறது, பீமுக்கும் டக்றுக்கும் (சூட்டுக்காற்றுப் போகும் குழாய்) கீழே 1.85 மீற்றர் போதும். அடிக்கணக்கில் சொன்னால் முதலாவது ஆறடி ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, மற்றது ஆறடி ஒரு அங்குலத்தளவு. இது இல்லையென்றால் நிலத்தைத் தோண்டி அத்திவாரத்தைக் கீழிறக்க வேண்டும், அந்தச் செலவுக்கு வாடகை வந்து ஈடுகட்ட எத்தனை வருடம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு உயரம் இருந்தது, ஆனால் மயிரிழைதான். அதனால் பலகை அடித்து அதற்கு மேல் லாமினேற் போடும் திட்டத்தை அங்கேயே வெட்டிவிட்டு, சீமெந்துத் தரையில் நேரே மெல்லிய வைனைல் போடச் சொன்னார். இவ்வளவும் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னம், ஒரு சதம் வாங்காமல்.

நகரசபை இதற்கெல்லாம் விடுமா என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அது பழைய கதை. 2022 கடைசியில் மாகாண அரசு கொண்டுவந்த பில் 23 என்ற சட்டத்துக்குப் பிறகு தண்ணீர், கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரப்புறக் குடியிருப்புக் காணிகளில் மூன்று வீடு வரைக்கும் உரிமையாகவே போடலாம், ஒரு வீட்டுக்கு ஒன்றுக்கு மேல் பார்க்கிங் இடமும் கேட்க முடியாது. ரொறன்ரோ 2023 மே மாதத்தில் அதையும் தாண்டி, நகரம் முழுக்க நாலு வீடு வரை அனுமதித்தது. ஆகவே அனுமதி கிடைக்குமா என்பது இப்போது கேள்வியே இல்லை. தீ, யன்னல், உயரம், சூடாக்கும் முறை இந்த நாலும்தான் கேள்வி. பிளான் கீறுகிறவருக்கு இந்த நாலும் தெரியுமா என்றுதான் பார்க்க வேண்டும். படம் கீற ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

தீ விஷயத்தில்தான் இவர் எங்களுக்குக் காசு மிச்சம் பிடித்துத் தந்தார். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் தீ பரவாமல் தடுக்கும் பிரிப்பு வேண்டும். கட்டடச் சட்டத்தின் 11ஆம் பகுதி, ஐந்து வருடத்துக்கு மேல் பழசான கட்டடங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுகிற பகுதி. அதன்படி புதுவீட்டுக் கணக்கில் போகாமல் தீயை 30 நிமிடம் தாங்கும் பிரிப்பு இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். மேல்வீடு, கீழ்வீடு, பொதுவான இடம் எல்லாவற்றிலும் புகை அலாரங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒன்று அடித்தால் எல்லாமே அடிக்கும்படி செய்தால் 15 நிமிடமே போதும். எங்கள் பேஸ்மென்றின் பழைய உட்கூரைப் பூச்சு அதற்குள் அடங்கிவிட்டது, எனவே ஓட்டை இருந்த இடங்களை மட்டும் மூடினோம். மற்றவர்கள் முழு உட்கூரையையும் கழற்றி ட்ரைவோல் (ஜிப்சம் பலகை) அடிக்க விலை போட்டிருந்தார்கள்! பக்கக் கதவுத் தளத்திலிருந்து குசினிக்குப் போகும் இடத்தில் தீ தாங்கும் கதவும், அதைத் தானாக மூடவைக்கும் கருவியும் போடச் சொன்னார். அந்தக் கதவு இப்போது சாமான் பையோடு வருகிற நேரமெல்லாம் முதுகில் அடிக்கிறது, அது வேறு.

யன்னலில் ஒரு நுணுக்கம். படுக்கையறை யன்னலைத் திறந்தால் ஆள் வெளியே வரக்கூடியதாக இருக்க வேண்டும், குறைந்தது 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமல். கடையில் அளவு பார்த்து வாங்குகிறவர்கள் சட்டகத்தின் அளவைப் பார்க்கிறார்கள், தள்ளித் திறக்கும் யன்னல் என்றால் பாதிதான் திறக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இவர் பிளானிலேயே கீல் போட்டுத் திறக்கும் வகை என்று எழுதி, வெளியே தோண்டும் கிணற்றில் யன்னலுக்கு முன்னால் 550 மில்லிமீற்றர் இடைவெளியையும் குறித்திருந்தார். கிணறு என்றதும் அம்மா பயந்துவிட்டா, யன்னல் குழியைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

சரி, குறைக்கு வருவோம். விலை பேசும்போது பிளான், விண்ணப்பம் எல்லாம் சேர்த்து என்று சொல்லிவிட்டு, சூடாக்கும் முறைக்கான படத்தைச் சேர்க்கவில்லை. பிளான் போனது, நகரசபையிலிருந்து திருத்தக் கடிதம் வந்தது. மேலும் கீழும் ஒரே ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி) என்றால் டக்றுக்குள் புகை உணரும் கருவி வைத்து, புகை வந்தால் ஃபேர்னஸ் தானாக நிற்க வேண்டும், அது எங்கே என்று கேட்டிருந்தார்கள். தெரியாத விஷயம் அல்ல அது, இந்தத் தொழில் செய்கிறவருக்கு அரிச்சுவடி. கேட்டால் "அது வேற ஆள் செய்யிறது தம்பி, தனிக் காசு" என்ற பதில். காசு பெரிதில்லை, முதலே சொல்லியிருக்கலாம். முழுமையான விண்ணப்பம் என்றால் வீடுகளுக்குப் பத்து வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, குறையோடு போனால் அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. அந்த நேரத்தில் தொலைபேசியையும் எடுக்கமாட்டார். வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டால்தான் நடு இரவில் பதில் வரும். நட்சத்திரம் ஒன்று குறைந்தது இதற்குத்தான்.

இன்னொன்றும் இவர் தானாகச் சொல்லவில்லை. நகரசபை பெர்மிற் வேறு, மின்வேலைக்கான அனுமதி வேறு. அது மாகாணத்தின் மின் பாதுகாப்பு அமைப்பிடம் எடுக்க வேண்டியது, அவர்களுடைய பரிசோதனையும் தனி. எங்கள் எலெக்ற்றீசியன் உரிமம் உள்ளவர் என்பதால் அவரே பார்த்துக்கொண்டார். மச்சானின் தோழன் என்று ஆள் பிடிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள பிரம்ரன் நகரில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே பெர்மிற்றோடு வேலை முடியாது, இரண்டாவது குடியிருப்பை நகரசபையில் பதிவும் செய்ய வேண்டும். ரொறன்ரோவில் அந்தப் பதிவு இல்லை. ஆனால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுகிறவர்கள் கவனம், நாலு அறையோ அதற்கு மேலோ தனித்தனி ஆட்களுக்குக் கொடுத்தால் அது பலர் தங்கும் விடுதி என்ற வேறு கணக்கு. 2024 மார்ச் கடைசியிலிருந்து ரொறன்ரோ முழுக்க அதற்கு உரிமம் வேண்டும். எங்கள் ஆள் இதை முதல் சந்திப்பிலேயே கேட்டார், குடும்பத்துக்குக் கொடுக்கவா, அறைக்கணக்கில் கொடுக்கவா என்று. அப்போது எரிச்சலாக இருந்தது, கேட்டது சரி.

பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்ரர் பிளானை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுவர்ச் சட்டகம் அடித்த பிறகு ஒருமுறை, குழாய் வேலைக்கு, அப்புறம் கடைசியில். படத்தில் உள்ளபடி இருந்ததால் பெரிய கேள்வி இல்லை. கொன்ராக்ரர் ஒரு சுவரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார், அதற்கு மட்டும் திருத்திய படம் கேட்டார்கள். அதை அலுவலகம் மேலதிகக் காசு இல்லாமல் கீறித் தந்தது.

வேலை முடிந்த கையோடு, பின்வளவில் தனியாக ஒரு சின்ன வீடும் போடலாமா என்று ஆசை வந்து இவரையே கூப்பிட்டேன். 2022இலிருந்து அதற்கும் ரொறன்ரோவில் அனுமதி உண்டு. வந்தார், பின்னால் நிற்கிற மேப்பிள் மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரம் என்றால் உங்கள் காணியில் இருந்தாலும் நகரசபையின் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. பிறகு வீட்டுக்கும் வேலிக்கும் இடையிலிருக்கிற ஒடுக்கமான பாதையைக் காட்டி, தீயணைப்புப் படைக்கு வழி காட்டச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். படம் கீறி விண்ணப்பம் போட்டுக் காசை வாங்கியிருக்கலாம், நான் கொடுக்கத் தயாராகத்தான் நின்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டு, இந்தக் காணியில் சரிவராது, பேஸ்மென்றோடு விடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.