தூக்க மாத்திரை தாராளம், மனநல வைத்தியம் தட்டுப்பாடு: காரைக்குடிப் பக்கம் பார்த்தது

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிற எங்களில் பலரும் முதலில் விசாரிப்பது ஓடு ஒழுகுகிறதா, வீட்டு வரி கட்டியாச்சா என்பதைத்தான். இந்த முறை நான் மாத்திரை டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சொந்தக்காரர்களைப் பார்க்கப் போன இடங்களில், வயதான பெண்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரையோடு ஒரு ‘நரம்பு மாத்திரை’யும் பெரும்பாலும் இருந்தது. யார் எழுதிக் கொடுத்தது, எதற்கு என்று கேட்டால் தெளிவான பதில் வரவில்லை.

என் அயித்தையிடமே தொடங்குகிறேன். பள்ளத்தூரில் இரண்டு கட்டு வீட்டில் அவர் மட்டும் இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். கல்யாணம், படைப்பு என்றால்தான் மற்ற அறைகளின் பூட்டைத் திறப்பார்கள். ராத்திரி இட்லி சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலைப் பெட்டியை இழுத்து வைத்து, பாக்குவெட்டியால் ஒரு சின்ன மாத்திரையை இரண்டாக வெட்டினார். கை நடுங்காமல், அத்தனை பழக்கமாக வெட்டினார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். அல்பிரசோலம், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற மாத்திரை. டப்பாவின் அடியில் நாலாக மடித்த மருந்துச் சீட்டு ஒன்று கிடந்தது. மாமா இறந்த சமயத்தில், 2017-இல் எழுதியது. மருந்தின் பெயருக்கு நேராக ‘10 நாள்’ என்று இருந்தது.

“கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை ஆத்தா. அட்டையைக் காட்டினாப் போதும், குடுத்துருவான்” என்றார்.

அந்தத் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் எல்லாம் ‘எச்1’ அட்டவணை மருந்துகள். 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ள விதி இது: டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, நோயாளி பெயர், டாக்டர் பெயர், கொடுத்த அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கட்டத்தில் எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. மறுநாள் அதே கடைக்கு நான் போனேன். சீட்டு கேட்கவில்லை, நோட்டில் எழுதவும் இல்லை. எத்தனை அட்டை வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்.

இந்த வகை மாத்திரை சில வாரங்களுக்கு மேல் போனாலே உடம்பு அதற்குப் பழகிவிடும். வயதானவர்களுக்குத் தள்ளாட்டம், மறதி, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது என்று அது கொண்டுவரும் கஷ்டம் வேறு. அயித்தை முற்றத்துப் படியில் இரண்டு தடவை சறுக்கி விழுந்ததைப் பக்கத்து வீட்டு ஆச்சிதான் சொன்னார். அதைவிட எனக்கு வருத்தம், அவருக்கு உண்மையில் என்ன செய்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காததுதான். விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு. சாப்பாடு ருசிக்கவில்லை. உடம்பெல்லாம் வலி. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர், வாசல் தாண்டிப் பல மாதம் ஆகிறது. மனச்சோர்வு நோயின் அடையாளங்கள் இவை. வயதானவர்களுக்கு அது அழுகையாக வராமல் உடம்பு வலியாகவும் தூக்கமின்மையாகவும் வருவது சகஜம்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பை பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்தியது. எடுத்துக்கொண்ட 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள். மாத்திரையே பார்க்காதவர்கள்தான் இந்தக் கணக்கில் நம் கண்ணுக்குத் தெரிவார்கள். அயித்தையைப் போல தினமும் ஒன்றை விழுங்கியும் நோய்க்கு வைத்தியம் பெறாதவர்களையும் அவர்களோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் எண்ணம். சிங்கப்பூரிலும் 2016 ஆய்வில் மனநலக் கோளாறு உள்ளவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் உதவி தேடிப் போகவில்லை. ஆக, ஊரை மட்டும் குறை சொல்லி ஒதுங்கிக்கொள்ள நமக்கு இடமில்லை.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம் என்றதும், “எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? நாலு பேரு பாத்தா என்ன பேசுவாக?” என்று ஒரே மறுப்பு. தூக்கத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு வருவோம் என்று சொல்லித்தான் காரில் ஏற்றினேன். கூட்டம் இருந்தது, உட்காரப் போதிய பெஞ்ச் இல்லை. ஆனாலும் உள்ளே இருந்த டாக்டரம்மா அவசரப்படவில்லை. முழிப்பு எப்போது, பசி எப்படி, மறதி உண்டா, விழுந்தீர்களா, சாக வேண்டும் என்று தோன்றியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அயித்தை பதில் சொல்லாமல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஆமாம் என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாரா வாரம் வீடியோவில் பேசுகிற எங்களில் யாருக்கும் இது தெரியாது.

தைராய்டு, பி12, சோடியம் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். காலையில் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும், நன்றாக ஆனதும் நிறுத்திவிடக் கூடாது, இன்னும் பல மாதம் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். அல்பிரசோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க அட்டவணை போட்டுத் தந்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: டப்பாவில் அந்த மாத்திரையைப் பார்த்ததும் பதறிப்போய்த் தூக்கி எறியாதீர்கள். பல காலம் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் காசு வாங்கவில்லை.

அதே தெருவில் இன்னொரு வீடு. மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. கல்லூரி இரண்டாம் வருஷத்தில் காதில் குரல் கேட்கிறது என்று ஆரம்பித்திருக்கிறது. கோடாங்கி பார்த்தார்கள், கோயிலில் தங்கினார்கள், மதுரையில் தனியாரிடம் காட்டினார்கள். மனச்சிதைவு என்று சொல்லி மருந்து கொடுத்ததில் தெளிந்துவிட்டான். தெளிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். திரும்ப வந்தது. மறுபடி மாத்திரை, கை விறைப்பு, எந்நேரமும் தூக்கம், மறுபடி நிறுத்தம். விறைப்புக்கு மாற்று மருந்து உண்டு, அளவையும் மாற்றலாம் என்று யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. இடையில் சில மாதம் அவனை அறையில் பூட்டி வைத்ததை அந்த அம்மா மறைக்காமல் சொன்னார்.

மனநோய் தீரும் என்று நம்பி ஆட்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்கிற தர்கா ஊரான ஏர்வாடி இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடுக்கிறது. ஆனால் வேலைக்குப் போயாக வேண்டிய ஒரு தாய்க்கு, பகலில் மகனை யார் பார்ப்பது என்பதற்குச் சட்டத்தில் ஆள் இல்லை.

அந்த அம்மாவுக்குப் பிரஷர் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்க்க தமிழக அரசு 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். அதில் வரும் பெண் திண்ணையிலேயே உட்கார்ந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். மகனுடைய மாத்திரை அந்தப் பையில் வருவதில்லை. அதற்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வர மறுக்கும் மகனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் என்ற சென்னை மனநலத் தொண்டு அமைப்பு 2010 முதல் ஒரு பேருந்தைக் கிராமங்களுக்கு அனுப்பியது. அதற்குள்ளேயே சென்னை மனநல மருத்துவரிடம் திரையில் பேசி, அங்கேயே மருந்தும் வாங்கிக்கொள்ளலாம். செட்டிநாட்டு ஊர்கள் சில அந்த மாவட்டத்திலும் இருக்கின்றன. கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுத்த நம் ஊர்ச் சங்கங்கள், இப்படி ஒரு வண்டியை இந்தப் பக்கமும் ஓடச் செய்ய முடியும். நான் எங்கள் சங்கத்துக்கு எழுதிவிட்டேன்.

கிளம்பும் முன் அந்த அம்மாவின் போனில் 14416 எண்ணைப் பதிந்து கொடுத்தேன். அரசின் மனநலத் தொலைபேசி உதவி, பெயர் டெலி மானஸ், எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரையை மறக்கிறவர்களுக்கு நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி உண்டு என்று அறிந்து, பையனும் சம்மதித்து முதல் ஊசி போட்டாகிவிட்டது. அடுத்த ஊசிக்கு என் சித்தப்பா மகன் பைக்கில் கூட்டிப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அதற்கு அடுத்த மாதத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.