ரியால் தெ கத்தோர்சே: சுரங்கப்பாதை தாண்டினால்தான் ஊர்

மெக்சிகோவின் சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தில், 2,700 மீட்டருக்கு மேலே இருக்கும் பழைய வெள்ளிச் சுரங்க ஊர் இது. ஒகாரியோ சுரங்கப்பாதைதான் முக்கிய நுழைவழி. நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர், அகலமோ ஒரு வண்டிக்குத்தான். அதனால் இருபுறமும் வண்டிகளை மாற்றி மாற்றி விடுகிறார்கள், காத்திருக்கத்தான் வேண்டும். பெரிய பேருந்து நுழையாது. வாசலில் இறங்கிச் சிறிய பேருந்தில் ஏறுங்கள். அக்டோபர் 4, புனித பிரான்சிஸ் திருவிழாவை ஒட்டி யாத்திரிகர் கூட்டம் நெரியும். அமைதி வேண்டுமென்றால் அப்போது போகாதீர்கள்.

தேவாலயத்தை அவசரமாகப் பார்க்கக் கூடாது. நோய் தீர்ந்ததற்கும் விபத்தில் பிழைத்ததற்கும் நேர்த்திக்கடனாகத் தகரத் தகட்டில் வரைந்த சிறு ஓவியங்கள், கீழே கைப்பட எழுதிய நன்றியோடு. அற்புதம்!

கல் பாவிய தெருக்கள் செங்குத்து, மூச்சு வாங்கும். வழுக்காத செருப்பு, இரவுக்குக் கம்பளி, கையில் ரொக்கப் பெசோ அவசியம்.