‘சூஷி கிரேட்’ சால்மன் கிட் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

வீட்டிலேயே கொரிய முறையில் சால்மன் சோறு செய்து பார்க்கலாம் என்று ஆன்லைனில் கிட் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மீன், சாஸ், அரிசி, கிம் தாள் (சோற்றைச் சுருட்டும் கடல்பாசித் தாள்) எல்லாம் ஒரே பெட்டியில் வரும், அரை மணி நேரத்தில் சாப்பாடு தயார் என்று விளம்பரம் செய்வார்களே, அந்த வகை. எனக்கு வந்த பெட்டியில் சொன்னபடி இருந்தது கிம் தாள் மட்டும்தான். விற்றவரின் பெயரைப் போடவில்லை. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பெயர் தேவைப்படாது.

நான் செய்ய நினைத்தது யோனோஜாங். பச்சை சால்மன் துண்டுகளை, வெங்காயம், பூண்டு, மிளகாய் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த சோயா சாஸில் ஊறவைத்து, சூடான சோற்றின் மேல் வைத்துச் சாப்பிடுவது. மீன் அடுப்பையே பார்க்காது. சோயா சாஸின் உப்பு மீனில் இருக்கும் ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஒரு நாள் ஊறுவதால் அனிசாகிஸ் என்ற அந்த ஒட்டுண்ணிப் புழு சாகாது. ஆக, மீன் எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. விளம்பரத்தில் ‘சூஷி கிரேட் அட்லாண்டிக் சால்மன், அப்படியே பச்சையாகச் சாப்பிடலாம், 1 கிலோ’ என்று இருந்தது. பணத்தைக் கட்டினேன்.

முதலில் அந்த ‘சூஷி கிரேட்’, அதாவது ‘பச்சையாகச் சாப்பிடத் தகுந்த தரம்’ என்ற முத்திரை பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அதற்குச் சட்டப்படி வரையறை எதுவும் கிடையாது. எந்த அதிகாரியும் மீனைச் சோதித்துவிட்டு அந்த முத்திரையைக் குத்துவதில்லை. விற்பவர் தானே ஒட்டிக்கொள்கிற ஸ்டிக்கர் அது. உண்மையான விதிகள் உறைய வைப்பதில்தான் இருக்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல்படி, பச்சையாகச் சாப்பிடும் மீனை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அல்லது மைனஸ் 35-இல் கெட்டியாக உறைய வைத்து, அதே குளிரில் இன்னும் 15 மணி நேரம் வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மீனின் உள்பகுதி வரை மைனஸ் 20-இல் குறைந்தது 24 மணி நேரம். முட்டைப் பருவத்திலிருந்தே பண்ணையில், ஒட்டுண்ணி இல்லாத தீவனத்தில் வளர்த்த மீனுக்கு அங்கே விலக்கு உண்டு. பண்ணை சால்மன் அதில்தான் வருகிறது. காட்டு சால்மனுக்கு அந்தச் சலுகை இல்லை. வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18-ஐ ஒட்டித்தான் ஓடும், அதையும் அடிக்கடி திறந்து மூடுவோம். எனவே ‘நானே ஃப்ரீசரில் வைத்துக்கொள்கிறேன்’ என்பதும் சரிவராது. இன்னொன்று, உறைய வைத்தால் புழு சாகும். பாக்டீரியா தூங்கும், அவ்வளவுதான்.

பெட்டி வந்ததும் விற்றவருக்கு சாட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எந்தக் குளிரில், எவ்வளவு நேரம் உறைய வைத்தீர்கள்?

“சார், இது சூஷி கிரேட், பயப்படாமல் சாப்பிடலாம்” என்று பதில் வந்தது.

அது சரி, குளிர் எவ்வளவு என்று மறுபடி கேட்டேன். “எங்களிடம் எப்போதுமே ஃப்ரெஷ் மீன்தான் சார், உறைய வைத்த மீனை விற்பதே இல்லை.” கையில் கல் மாதிரி உறைந்த பாக்கெட்டை வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். படம் எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம்தான் உண்மை வந்தது: “மொத்த வியாபாரி எங்களுக்கு உறைய வைத்துத்தான் தருகிறார், அந்த விவரமெல்லாம் எங்களுக்குத் தெரியாது சார்.” பச்சையாகச் சாப்பிடலாம் என்று எழுதி விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விவரம் அதுதான்!

அடுத்து எடை. உறைந்த மீன் காய்ந்துபோகாமல் இருக்க மேலே மெல்லிய பனிப்பூச்சு கொடுப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பனியை மீன் எடையில் சேர்க்கக் கூடாது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் உறைந்த மீன் துண்டுகளுக்கு வகுத்த தரமே பனியை நீக்கிய எடையைத்தான் நிகர எடையாகப் போடச் சொல்கிறது. குளிர்ந்த தண்ணீரை மெல்லத் தூவி, கைக்குப் பனி தட்டுப்படாமல் போனதும் துடைத்துவிட்டு, மீன் உருகும் முன்பே எடை போட்டேன். 1 கிலோ என்று எழுதிய பாக்கெட்டில் 790 கிராம் மீன். பாக்கியெல்லாம் தண்ணீர், சால்மன் விலையில்.

பனி போனதும் மீனும் வேறாகத் தெரிந்தது. படத்தில் இளம் ஆரஞ்சு நிறமும் தடித்த வெள்ளைக் கொழுப்பு வரிகளும். கையில் இருந்தது அடர் சிவப்பு, வரிகள் மெல்லியவை, ஓரங்கள் வெளுத்துக் காய்ந்திருந்தன. நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பண்ணை மீனின் நிறம் தீவனத்தில் சேர்க்கும் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியைப் பொறுத்தது. மீனின் நிறத்தை 20 முதல் 34 வரை எண் போட்ட நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிற தொழில் அது. சந்தேகத்தைத் தீர்த்தது பாக்கெட்டின் பின்பக்கம், மடிப்புக்குள் பொடி எழுத்தில் இருந்த அறிவியல் பெயர்: ஆன்கோரிங்கஸ் மைகிஸ். அது ரெயின்போ ட்ரவுட். அட்லாண்டிக் சால்மன் என்றால் சால்மோ சலார் என்று இருக்க வேண்டும். ட்ரவுட் மட்டமான மீன் இல்லை, சமைத்தால் நன்றாகவே இருக்கும். சீனாவில் 2018-இல் மீன் தொழில் சங்கமே ட்ரவுட்டையும் சால்மன் என்ற பெயரில் விற்கலாம் என்று வகுத்து, மக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அங்கேகூட எந்த இனம் என்று லேபிளில் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. முன்பக்கம் அட்லாண்டிக், பின்பக்கம் மைகிஸ் என்று இருமுகம் காட்டினால் அதற்குப் பெயர் ஏமாற்று.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்த இடம் கூடவே வந்த செய்முறை அட்டை. ‘பாக்கெட்டைத் திறக்காமல் இரவு முழுவதும் வெளியே வைத்து உருக விடவும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். காற்றை உறிஞ்சி மூடிய பாக்கெட்டில் ஆக்சிஜன் கிடையாது. மீனோடு வரக்கூடிய இ வகை பொட்டுலினம் கிருமிக்கு அதுதான் பிடித்த சூழல். 3 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே வளர்ந்து நஞ்சை உண்டாக்கக் கூடியது, வாடையும் வராது. வேக்குவம் பாக்கெட் மீன் எதுவானாலும் முதலில் உறையைக் கிழித்துத் திறந்து, பிறகு ஃப்ரிட்ஜுக்குள் வைத்து உருக விடுங்கள். இந்தப் பதிவில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் மனதில் வையுங்கள்.

சாஸுக்கு வருகிறேன். குப்பியில் ‘அசல் கொரியன் கோச்சுஜாங்’ என்று இருந்தது. கரண்டியில் எடுத்தால் கெட்டியாக ஒட்டி நிற்க வேண்டியது, தண்ணீராக வழிந்தது. மூலப்பொருள் பட்டியலில் தண்ணீர், சர்க்கரை, வினிகர், தக்காளி விழுது, ஸ்டார்ச், மிளகாய்ச் சாறு, நிறமி. புளிக்கவைத்த சோயாவும் இல்லை, அரிசியும் இல்லை. கோச்சுஜாங் என்பது மிளகாய்த்தூள், ஒட்டும் அரிசி போன்ற தானியம், மேஜு எனப்படும் புளித்த சோயாப் பொடி, உப்பு சேர்த்து ஊறிப் பக்குவப்பட்ட விழுது. 2009-இல் இதற்கென்றே ஒரு கோடெக்ஸ் தரம் வந்தது. பட்டியலில் முதலில் சோளப்பாகு இருந்தால் உடனே போலி என்று தூக்கிப் போட வேண்டாம். கொரியாவிலேயே தயாராகும் பிரபல டப்பாக்களிலும் பாகு உண்டு. ஆனால் சோயாவே இல்லை என்றால் அது வெறும் காரமான கெச்சப்.

இது ருசியோடு நிற்கிற விஷயமும் இல்லை. சில துண்டுகளில் அந்த சாஸைத் தடவிச் சட்டியில் போட்டுப் பார்த்தேன். நிஜ விழுது மீனின் மேல் படிந்து நிற்கும். இது வழிந்து சட்டிக்கு ஓடியது, அதிலிருந்த சர்க்கரை கருகிப் புகைந்தது, மேலே கசப்பு, உள்ளே வேகாத மீன்.

அரிசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குட்டையாக, வெந்தால் லேசாக ஒட்டும் அரிசி வர வேண்டும். நீள அரிசி வந்தது. கிம் தாளில் சுருட்டினால் உதிர்ந்து கொட்டுகிறது.

யோனோஜாங் ஆசையை விட்டுவிட்டு, மிச்சம் இருந்த துண்டுகளை அடுப்பில் வேறு விதமாக முடித்தேன். ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்து, தோல் கீழே இருக்கும்படி வைத்து முக்கால் பதம் வேகவிட்டு, தனியாக வாங்கிய நல்ல கோச்சுஜாங்கில் சோயா சாஸ், பூண்டு, துளி தேன், அரிசி வினிகர் கலந்து கடைசி ஓரிரு நிமிடம் மட்டும் தடவினேன். உள்ளே 63 டிகிரி வந்ததும் இறக்கிவிட்டேன். வறுத்த எள்ளெண்ணெய் அடுப்பை அணைத்த பிறகுதான். ட்ரவுட்டாக இருந்தும் சோற்றோடு நன்றாகவே போனது. அதற்கான பாராட்டு கிட்டுக்குச் சேராது.

புகார் கதை சுருக்கமானது. ‘உருகும்போது எடை குறைவது இயற்கை’ என்றார்கள். தராசுப் படத்தையும், உருகும் முன்பே எடுத்த எடை அது என்பதையும் காட்டியதும், அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்று கூப்பன் நீட்டினார்கள். மறுத்துவிட்டேன். அறிவியல் பெயரையும் விளம்பரப் படத்தையும் அருகருகே வைத்து, பணம் செலுத்திய தளத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பிய பிறகுதான் மீனுக்கான பணம் திரும்பி வந்தது. சாஸுக்கும் அரிசிக்கும் வரவில்லை. ‘பெட்டியைத் திறந்துவிட்டீர்களே சார்’ என்பது அவர்கள் வாதம்.

நீங்கள் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன்பே மூன்று விஷயங்களை சாட்டில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மீனின் அறிவியல் பெயர், பண்ணையா காடா என்பதோடு உறைய வைத்த குளிரும் நேரமும், பனி நீக்கிய நிகர எடை. போனில் சொல்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. சாஸ் குப்பியின் பின்பக்கப் படத்தையும் கேளுங்கள். என் விமர்சனத்தைத் தங்கள் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். விளம்பரம் அதே படத்தோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘அட்லாண்டிக்’ என்ற சொல்லை மட்டும் எடுத்திருக்கிறார்கள், ‘சூஷி கிரேட்’ அப்படியே இருக்கிறது.