ஹூடாக்: எல்லை தாண்டிப் போகும் ராணுவத்தோடு மனித உரிமையும் போகுமா என்று படித்துப் பார்க்க ஒரு தளம்

ஒரு நாட்டின் ராணுவம் வெளிநாட்டில் போய்ச் சண்டை போடும்போது, அங்கே அது பிடித்து வைக்கிற ஆளுக்கு, அது சுட்டுக் கொல்கிற ஆளுக்கு, அந்த நாடு கையெழுத்துப் போட்ட மனித உரிமை ஒப்பந்தம் பொருந்துமா? இதைப் பேச ஆரம்பித்தால் "போர் என்றால் அப்படித்தான்" என்று யாராவது முடித்துவிடுவார்கள். அப்படித்தானா என்று மூல ஆவணத்திலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்கிற இடம் ஹூடாக் (HUDOC). ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கிற தரவுத்தளம் இது. காசு கட்ட வேண்டாம், கணக்கு தொடங்க வேண்டாம், சட்டம் படித்திருக்கவும் வேண்டாம்.

சும்மா 'போர்' என்று பொதுவாகத் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். வழக்கின் பெயரோ எண்ணோ கையில் இருந்தால் நேரே போய்விடலாம். 55721/07 என்று போட்டுப் பாருங்கள், அல்-ஸ்கெய்னி எதிர் பிரிட்டன், 2011 ஜூலை 7 தீர்ப்பு. ஈராக்கின் பாஸ்ரா பகுதியில் 2003-இல் உயிரிழந்த ஆறு பேரின் குடும்பங்கள் போட்ட வழக்கு. நேராக முடிவுக்குத் தாவாமல் முதலில் வழக்கின் உண்மைகள் என்ற பகுதியைப் படியுங்கள். குடும்பத்தோடு இரவுச் சாப்பாட்டில் இருந்த ஒரு பெண் வெளியே நடந்த துப்பாக்கிச் சண்டையில் குண்டு பட்டு இறந்தது, பதினைந்து வயதுப் பையனைச் சிப்பாய்கள் ஆற்றில் இறங்க வைத்ததாகச் சொல்லப்படுவது, ஓட்டல் வரவேற்பாளர் ஒருவர் பிரிட்டிஷ் காவலில் செத்துப்போனது, எல்லாம் பத்தி எண் போட்டு அமைதியான நடையில் எழுதியிருக்கும். அந்த அமைதிதான் என்னை அதிகம் உலுக்கியது.

இது எங்கள் எல்லைக்கு வெளியே நடந்தது, எங்கள் கடமை இங்கே வராது என்பது பிரிட்டனின் வாதம். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பகுதியில் ஒரு அரசாங்கம் செய்ய வேண்டிய பாதுகாப்பு வேலையை நீங்கள்தானே கையில் எடுத்திருந்தீர்கள், அப்படியானால் அந்தச் சாவுகளைச் சரியாக விசாரிக்கும் கடமையும் உங்களுடையதுதான் என்றது. ஆனால் 2001-இல் பான்கோவிச் வழக்கில் இதே நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருந்தது. 1999-இல் பெல்கிரேடின் தொலைக்காட்சி நிலையத்தின் மேல் நேட்டோ குண்டு போட்டதில் 16 பேர் இறந்தார்கள், அந்த வழக்கை அதிகார வரம்பு இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. தரையில் காவலில் வைத்தால் பொறுப்பு, வானத்திலிருந்து குண்டு போட்டால் பொறுப்பு இல்லையா? எனக்கு இது இன்றுவரை நியாயமாகப் படவில்லை. 2021-இல் ஜார்ஜியா எதிர் ரஷ்யா வழக்கில்கூட, இரு நாடுகளின் 2008 போரில் சண்டை உச்சத்தில் இருந்த ஐந்து நாட்களை ரஷ்யாவின் பொறுப்பிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். 2025 ஜூலை 9-இல் உக்ரைனும் நெதர்லாந்தும் ரஷ்யாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில்தான் சண்டை நடக்கும் இடத்தில் செய்வதற்கும் அந்த நாட்டுக்குப் பொறுப்பு உண்டு என்று வந்தது, 298 பேரோடு சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் உட்பட. இந்தக் கால் நூற்றாண்டு இழுபறியை யாருடைய விளக்கவுரையும் இல்லாமல் நாமே வரிசையாகப் படிக்க முடிகிறதே, இந்தத் தளத்தின் பெரிய பலம் இதுதான்.

அப்புறம் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதிகள் எழுதும் மாறுபட்ட கருத்துகளைத் தவறவிடாதீர்கள். அவை தீர்ப்பின் கடைசியில் இருக்கும், பலரும் அதுவரை போவதில்லை. இந்த நீதிமன்றம் அடிப்படையாகக் கொள்ளும் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 15-ஆவது பிரிவு, போர்க்காலத்தில் சில உரிமைகளிலிருந்து விலகுவதாக அறிவிக்க அரசை அனுமதிக்கிறது. சித்திரவதைத் தடை, அடிமைத்தனத் தடை போன்ற சிலவற்றுக்கு எந்த விலக்கும் கிடையாது. 2014-இல் ஹசன் வழக்கில், பிரிட்டன் அப்படி எதையும் அறிவிக்காமலே ஈராக்கில் ஆளைப் பிடித்து வைத்ததை போர்க்கால விதிகளைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்த்துப் படித்துச் சரி என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். நான்கு பேர் மறுத்தார்கள். விலக வேண்டும் என்றால் வெளிப்படையாக அறிவித்துவிட்டு விலகு என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம், என் மனசும் அந்த நால்வர் பக்கம்தான்.

குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலான தீர்ப்புகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான், ஓரளவு ஆங்கிலம் பழகியிருந்தால்தான் ஓடும். நீளமும் அதிகம், அதனால் முக்கிய வழக்குகளுக்குத் தனியாக இருக்கும் சட்டச் சுருக்கத்தை முதலில் திறப்பது நல்லது. தீர்ப்புக்குப் பிறகு அந்த அரசு சொன்னபடி செய்ததா என்பதை இங்கே பார்க்க முடியாது, அதற்கு ஹூடாக் எக்ஸெக் என்று வேறு தளம் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்கலாம், குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதானே கடைசிக் கேள்வி.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆள் அனுப்பிச் சண்டை போடாவிட்டாலும், வேறொரு நாட்டின் போருக்குள் ஒருவரைத் திருப்பி அனுப்புவதும் இதே கடமைக்குள் வருகிறது. 1991-இல் வில்வராஜா வழக்கில் பிரிட்டன் இலங்கைக்குத் திருப்பி அனுப்பிய ஐந்து தமிழர்கள் விஷயத்தில் மீறல் இல்லை என்று பெரும்பான்மையினர் சொன்னார்கள், அதில் சிலர் திரும்பிப் போன பிறகு துன்புறுத்தப்பட்டிருந்தும். 2008-இல் என்.ஏ. என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படும் இன்னொரு தமிழர், ராணுவத்தால் ஆறு முறை கைது செய்யப்பட்டவர், அவரை அனுப்பினால் அது சித்திரவதைத் தடையை மீறுவதாகும் என்று தீர்ப்பு வந்தது. அவர் வழக்கு எண் 25904/07. முதலில் இதைப் படித்துவிட்டு, அதே கையோடு வில்வராஜாவுக்குப் போங்கள்.