தண்ணீர்த் தொட்டியில் புரோட்டான் கற்றை: அயனியாக்க அறையா, கேமராவா?

புற்றுநோய்ச் சிகிச்சைக்கான புரோட்டான் கற்றை, உடலுக்குப் பதிலாக வைக்கும் தண்ணீரில் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று சோதிக்க, பழகிய அயனியாக்க அறையை (கதிர் வாயுவில் உண்டாக்கும் மின்னூட்டத்தை அளக்கும் சிறு கருவி) நம்புவதா, தண்ணீரே உமிழும் ஒளியைப் படம்பிடிப்பதா என்ற தயக்கம் இயல்பானதே.

அணு உலைக் குளத்தில் நீலமாகத் தெரியும் செரன்கோவ் ஒளி அல்ல இது. அதைத் தண்ணீரில் நேரடியாக உண்டாக்கப் புரோட்டானுக்குச் சுமார் 480 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சிகிச்சையில் பயன்படுவதோ ஏறத்தாழ 70 முதல் 230 வரைதான். அப்படியிருந்தும் தண்ணீர் மங்கலாக ஒளிர்வதை ஜப்பானின் நகோயாவில் செய்ச்சி யமமோட்டோவின் குழு 2015இல் படமாக்கிக் காட்டியது, எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. மெல்லிய கீற்றாகச் செல்லும் ஒளி, முடிவில் பிராக் உச்சத்தில், அதாவது புரோட்டான் நிற்கும் முன் அதிக ஆற்றலைக் கொட்டும் இடத்தில், பிரகாசித்துச் சட்டென்று அணைகிறது.

வேகம்: அயனியாக்க அறை புள்ளி புள்ளியாக நகர்ந்து அளக்கும், கேமரா முழுப் பாதையையும் ஒரே படத்தில் தரும்.

துல்லியம்: அயனியாக்க அறை தரப்படுத்தப்பட்ட கதிரளவைத் (பொருள் உள்வாங்கும் கதிர் ஆற்றலின் அளவு) தரும், கேமரா உச்சத்தின் இடத்தை நன்றாகக் காட்டினாலும், புரோட்டான்கள் தண்ணீரில் மோதும்போது எழும் காமா கதிர்கள் தட்டிவிடும் எலக்ட்ரான்களின் செரன்கோவ் ஒளி ஆழம் குறைந்த பகுதியில் கலப்பதால், ஒளியைக் கதிரளவாக மாற்றத் திருத்தம் தேவை.

எளிமை: கேமராவுக்கு வெளிச்சம் புகாத பெட்டி கட்டாயம், சிதறிய கதிர்கள் உணரியில் பட்டு வெண்புள்ளிகளையும் தெளிக்கும்.

நோயாளிக்கான கதிரளவை உறுதிசெய்ய அயனியாக்க அறையையே நான் பரிந்துரைப்பேன். கற்றை நிற்கும் ஆழத்தையும் அதன் அகலத்தையும் விரைவாகச் சரிபார்க்கக் கேமரா பொருந்தும்.